மண்ணுக்கு மின்சார வைத்தியம்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் என்னிடம், "ஏனப்பா, நீ மண்ணுக்கு மின்சாரம் பாய்ச்சுகிறாயாமே! மண் உனக்கு என்ன குற்றம் செய்தது?" என்று கேட்டார். சுற்றியிருந்தோர் சிரித்தனர்; நானும் சிரித்தேன். அருகில் நின்ற மலர்க்குழு நண்பரோ சிரிக்கவில்லை. "இதையே கட்டுரையாக எழுதிக் கொடுத்துவிடு" என்று கூறித் தேதியும் குறித்துவிட்டார். ஆகவே, குற்றம் செய்தது மண் அன்று என்பதையும், வைத்தியம் பார்க்கப் போன நானே ஒருமுறை குற்றவாளியாக நின்றதையும் இங்கே எழுதுகிறேன். விஞ்ஞானம் படிக்காத நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

என் ஊர் பாலாற்றங்கரையில், இராணிப்பேட்டைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். நான் சிறுவனாக இருந்தபோது, மழை பெய்து ஓய்ந்தால் எங்கள் கொல்லைக்கு அப்பாலுள்ள பள்ளத்தில் தேங்கும் நீர் சில நாட்களில் மஞ்சளாகிவிடும். ஏதோ மஞ்சள் நீராட்டு என்று எண்ணிக் கொண்டு நாங்கள் அதை ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைப்போம். ஆயா குச்சியை எடுத்துக் கொண்டு ஓடி வருவார். அது என்ன மஞ்சள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பள்ளத்தோரம் புல் முளைப்பதில்லை என்பது தெரியும். கிணற்று நீரை அவர் குடிக்க எடுப்பதை நிறுத்தி, வாயைப் பனஞ்சட்டங்களால் மூடிவிட்டார். அந்த மஞ்சளின் பெயர் குரோமேட் என்பதை நான் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

குரோமியம் என்னும் உலோகத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. தோல் பதனிடும் தொட்டியில் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அதன் நிறம் பச்சை. அது பெரும்பாலும் நீரில் கரையாமல் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், தீமையும் குறைவு. மற்றொன்று அறுவிணைதிறக் குரோமியம். அதுதான் மஞ்சள். நீரில் எளிதாகக் கரையும்; மண்ணில் தங்காமல் நீரோடு ஓடும்; புற்றுநோய் விளைவிக்க வல்லது. நம் நாட்டுத் தர விதிப்படி ஒரு லிட்டர் குடிநீரில் குரோமியம் மொத்தமாகவே 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. குரோமியத் தாதுவை வறுத்து மஞ்சள் உப்பு எடுப்பதும், அந்த உப்பைக் கரும்பாலைக் கழிவுப் பாகினால் பச்சையாக மாற்றித் தோல் தொழிலுக்கு அனுப்புவதும் இத்தொழிலின் வழக்கம். சர்க்கரை மஞ்சளைப் பச்சையாக்கும் என்ற இந்தச் செய்தியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இராணிப்பேட்டையில் 1970களிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை இவ்வேலை நடந்தது. ஆலை மூடப்பட்டபோது 2 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அங்கேயே விடப்பட்டது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்ட ஓர் அமெரிக்க நிறுவனம் இராணிப்பேட்டையையும் அதில் சேர்த்தது. நாம் படிக்க வந்திருக்கும் இந்தக் கங்கைச் சமவெளியிலும் இதே கதைதான். கான்பூரை அடுத்த இரானியா என்னும் இடத்தில் குரோமியக் கழிவு மேடுகள் பல்லாண்டுகள் கிடந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குச் சென்றது. இராணிப்பேட்டைப் பையன் இரானியாவுக்குச் சென்று மண் அள்ளியபோது, பெயர் ஒற்றுமையை எண்ணி நகைப்பதா, நிலைமையை எண்ணி வருந்துவதா என்று விளங்கவில்லை.

கெட்டுப்போன மண்ணைத் தோண்டி வேறிடத்தில் கொட்டினால் என்ன? கொட்டலாம். பெரும்பாலான நாடுகளில் அதைத்தான் செய்கிறார்கள். வாரிய நஞ்சு அங்கே போய் உட்கார்ந்து கொள்ளும், அவ்வளவே. நீரைப் பாய்ச்சிக் கழுவினால் என்ன? மணலாக இருந்தால் கழுவலாம். களிமண்ணாக இருந்தால் நடவாது. இறுகிய களிமண்ணில் நீர் தன் எடையால் மட்டும் இறங்கும் வேகம் ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். குயவர் வீட்டுப் பானைக்கு நல்லதான அந்தக் குணமே கழுவ வருபவனுக்குக் கெட்டதாகிவிடுகிறது. இந்த இடத்தில்தான் மின்சாரம் வருகிறது.

வோல்ட்டா தம் மின்கல அடுக்கை 1800இல் உலகுக்கு அறிவித்தார். பத்தாண்டுகள் கழிவதற்குள் மாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ராய்ஸ் என்னும் ஜெர்மானியர் அதைக் களிமண்ணோடு சேர்த்துப் பார்த்தார். ஈரக் களிமண்ணில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை ஊன்றி, அவற்றில் நீர் நிரப்பி, மின்கலத்தின் இரு முனைகளையும் குழாய்களுக்குள் இறக்கினார். எதிர்மின்வாய் இருந்த குழாயில் நீர்மட்டம் உயர்ந்தது, மற்றதில் தாழ்ந்தது. யாரும் தள்ளாமல் நீர் களிமண்ணைக் கடந்து சென்றது. இதை அவர் 1809இல் வெளியிட்டார்.

காரணம் இதுதான். களிமண் துகளின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது. அதனால் துகளைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள் கூடி நிற்கும். மின்னழுத்தம் கொடுத்தால் அவை எதிர்மின்வாயை நோக்கி நகரும். நகரும்போது நீரையும் இழுத்துச் செல்லும். திருவிழாக் கூட்டத்தில் தேர்வடம் பிடிக்காதவர்களும் கூட்டத்தோடு நகர்ந்து விடுவதில்லையா, அதுபோல. நீர் நகர்வது ஒருபுறமிருக்க, நீரில் கரைந்துள்ள மின்னேற்றப் பொருள்களும் தத்தம் திசையில் தாமாகவே செல்லும். ஈயமும் தாமிரமும் எதிர்மின்வாய்ப் பக்கம். நம் மஞ்சள் குரோமேட் எதிர்மின்னேற்றம் உடையதாகையால் நேர்மின்வாய்ப் பக்கம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் என்ற அளவில் கொடுத்தால், ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் நகர்ந்த நீர், மண் இசைந்து கொடுத்தால் நாளைக்குச் சில சென்டிமீட்டர் கூட நகரும். துளை பெரிதா சிறிதா என்பதை மின்சாரம் பொருட்படுத்துவதில்லை. களிமண்ணில் அதன் சிறப்பே இதுதான்.

மண்ணின் கேட்டை நீக்க இதைப் பயன்படுத்தலாம் என்று முதலில் முயன்றோரில் நம் துணைக்கண்டத்தார் இருவர் உண்டு. பூரி, ஆனந்த் என்னும் இருவர் பஞ்சாபின் களர் நிலத்தில் மின்சாரத்தைச் செலுத்தி உவரை இழுக்கப் பார்த்து, 1936இல் முடிவுகளை வெளியிட்டனர். வடிந்து வந்த நீரில் எரிசோடா இருந்தது. அதாவது, பயிரைக் கொல்லும் சோடியம் மண்ணை விட்டு வெளியேறியது. வெளிநாட்டு ஆராய்ச்சி நூல்களின் தொடக்கத்தில் இவ்விருவர் பெயரையும் காணும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைப்பானேன்? அதே காலத்தை ஒட்டி ஜெர்மனியில் லியோ கசகிராண்டே என்ற பொறியியலார், சரிந்து விழும் இரயில்பாதைக் கரையிலிருந்து இம்முறையால் நீரை வாங்கி மண்ணை இறுக்கினார். நஞ்சை நீக்கும் வேலைக்கு இதைக் களத்தில் இறக்கியோர் டச்சுக்காரர். 1987இல் குரோனிங்கனில் ஒரு பழைய வண்ணப்பூச்சு ஆலை இருந்த நிலத்தில் ஈயத்தில் 70 விழுக்காடு வரையும், தாமிரத்தில் 80 விழுக்காடு வரையும் வெளியே எடுத்தனர்.

இவ்வளவு எளிதாயின் உலகத்து மண்ணெல்லாம் இதற்குள் தூய்மையாகியிருக்குமே என்பீர்கள். தடை எங்கே என்றால், மின்சாரம் நீரைப் பிரிக்கவும் செய்கிறது. நேர்மின்வாயருகே அமிலம் பிறக்கும். எதிர்மின்வாயருகே காரம் பிறக்கும். அமிலம் முன்னேறி வரும்போது உலோகங்களை மண்ணிலிருந்து பிரித்துக் கரைத்துக் கொண்டு வரும், மிக நல்லது. மறுபுறமிருந்து வரும் காரத்தைச் சந்தித்ததும் அந்த உலோகங்கள் அங்கேயே திரண்டு படிந்துவிடும். கரை சேரும் நேரத்தில் ஓடம் தரைதட்டிய கதை. இதற்கு எதிர்மின்வாய்த் தொட்டியில் சிறிது சிறிதாக அசெட்டிக் அமிலம் விடுவர். சமையலறைப் புளிக்காடியில் இருப்பதும் இதே அமிலந்தான். என் ஆய்வுக்கூடத்தில் ஊறுகாய்க் கடை மணம் வீசுவதற்கு இதுவே காரணம். விடுதி நண்பர்கள் இனியாவது வேறு காரணம் கற்பிக்க வேண்டாம்.

உலோகத்தை இழுத்து வெளியே எடுக்கலாம். எண்ணெய், தார், டீசல், கரைப்பான் முதலியவற்றுக்கு மின்னேற்றம் இல்லையே. அவற்றை என்ன செய்வது? இழுப்பதைவிட இருந்த இடத்திலேயே எரித்துவிடுவது மேல். தீயில்லாமல் எரிப்பதற்குத்தான் ஆக்ஸிகரணம் என்று பெயர்.

இதில் புகழ்பெற்ற மருந்து ஒன்று ஒரு மாணவர் கண்ணில் பட்டது. 1876இல் கேம்பிரிட்ஜில், ஹைட்ரஜன் பெராக்ஸைடும் இரும்பு உப்பும் டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து, பின் காரமும் சேரும்போது அழகிய ஊதா நிறம் தோன்றுவதை ஃபென்டன் குறித்து வைத்தார். விரிவான கட்டுரையை வெளியிட்டது 1894இல். பெராக்ஸைடை இரும்பு உடைக்கும்போது ஹைட்ராக்ஸில் என்னும் அடங்காப் பிடாரி ஒன்று பிறந்து எதிர்ப்பட்டதையெல்லாம் தின்கிறது என்ற விளக்கத்துக்கு ஹேபரும் வைஸும் 1934இல் வழி காட்டினர். மற்றொரு மருந்து நமக்குப் பழக்கமானது: பொட்டாசியம் பெர்மாங்கனேட். காலரா பரவிய நாட்களில் ஊர்க்கிணறுகளில் போட்ட அதே ஊதா உப்பு. 1890களில் ஆக்ராவில் பணியாற்றிய ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் கிணறுகளில் இதைப் போடும்படி மிகவும் வற்புறுத்தி வந்தார்.

இந்த மருந்துகளுக்கும் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, நஞ்சு எது, மண்ணின் மக்கு எது என்று இவற்றுக்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் தின்னும். ஆகவே கணக்கிட்டதைவிடப் பன்மடங்கு மருந்து வேண்டும். வைத்தியம் முடிந்த மண்ணில் உடனே பயிர் எதிர்பார்க்கவும் கூடாது. இரண்டாவது, களிமண்ணுக்குள் இவையும் நுழைவதில்லை. குழாய் வழியே அழுத்தி ஊற்றினால் விரிசல்களிலும் மணல் வரிகளிலும் ஓடிவிட்டு, நஞ்சு பதுங்கியிருக்கும் களிமண் கட்டியைத் தொடாமலே போய்விடும்.

இப்போது இரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பெர்மாங்கனேட் எதிர்மின்னேற்றம் உடையது. அதை எதிர்மின்வாய்த் தொட்டியில் ஊற்றினால், மின்சாரம் அதைக் களிமண்ணுக்குள்ளேயே புகுத்தி நேர்மின்வாய் வரை நடத்திச் செல்லும். மருந்தை ஊசியில் ஏற்றியது போலாகும். மின்சாரமும் இரசாயனமும் கூட்டு வைக்கும் இம்முறைதான் இன்று பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் பெரிதும் ஆராயப்படுவது. இதற்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெடூக்கா என்னுமிடத்து யுரேனிய ஆலையின் களிமண்ணில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் இறங்கியிருந்தது. மண்ணுக்குள் இரும்புத்தூள் சுவர்களை வரிசையாக நிறுத்தி, மின்சாரத்தால் நீரை அவற்றின் வழியே இழுத்தனர். 1995இல் சோதனை, 1999 முதல் சுமார் ஈராண்டுகள் முழு அளவில் வேலை. அங்கே இரும்பு செய்தது ஆக்ஸிகரணம் அன்று, அதற்கு நேர்மாறான ஒடுக்கம். அடுக்கடுக்காக அமைந்ததால் லசான்யா என்ற இத்தாலியப் பலகாரத்தின் பெயரையே அம்முறைக்கு வைத்துவிட்டனர். நாமாக இருந்தால் கொத்துப் பரோட்டா என்றிருப்போமோ என்னவோ.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

கைவிடப்பட்ட ஒரு தோல் கிடங்கின் முற்றத்திலிருந்து மண் கொண்டு வந்தோம். எண்ணெய் நாற்றம் வீசும் கருங்களிமண். அளந்து பார்த்தோம்: எண்ணெய் மிகுதி, குரோமியமும் மிகுதி, ஆனால் அது முழுவதும் பச்சைக் குரோமியம். மஞ்சள் குரோமியம் இருக்கிறதா என்று அறிய டைபினைல்கார்பசைடு என்ற கரைசலைச் சேர்ப்பர். இருந்தால் செவ்வூதா நிறம் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. "குரோமியத்தால் தொல்லையில்லை, எண்ணெயை மட்டும் எரித்தால் போதும்" என்று குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வரியை இன்றும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பெட்டி இரண்டில் மண்ணை நிரப்பி, இருமுனையிலும் கிராஃபைட் தண்டுகள் பொருத்தி, இருபது வோல்ட் கொடுத்தேன். ஒன்றில் பெர்மாங்கனேட், மற்றதில் வெறும் உப்புநீர். பெர்மாங்கனேட் பெட்டியில் ஊதா வரி நாளுக்கு நாள் முன்னேறியது. அது நகர்ந்த இடமெல்லாம் எண்ணெய் நாற்றம் குறைந்தது. விடுதி உணவு கூட அந்த வாரம் சுவையாக இருந்ததென்றால் என் உள்ளக் களிப்பை அறிந்து கொள்ளலாம். பன்னிரண்டாம் நாள் காலையில் ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். நேர்மின்வாய்த் தொட்டியின் நீர் இளமஞ்சளாக இருந்தது.

அந்த மஞ்சளை நான் ஐந்து வயதிலிருந்து அறிவேன். சோதித்துப் பார்க்கும் முன்னரே கை நடுங்கியது. ஒரு துளி கரைசல் விட்டேன்; செவ்வூதா பூத்தது. பக்கத்துப் பெட்டியின் நீரில் விட்டேன்; நிறமில்லை. ஆக, இதைச் செய்தது மின்சாரம் அன்று; என் மருந்து. எண்ணெயை எரித்த அதே பெர்மாங்கனேட், அசையாமல் கிடந்த பச்சைக் குரோமியத்தையும் ஆக்ஸிகரணம் செய்து மஞ்சளாக்கிவிட்டது. மின்சாரம் அதை அழகாக இழுத்து வந்து என் தொட்டியில் சேர்த்துவிட்டது. பெட்டிக்குள் நடந்ததால் தொட்டியில் சேர்ந்தது. ஒரு கிராமத்தில் நடந்திருந்தால், தப்பிய பங்கு எந்தக் கிணற்றில் சேர்ந்திருக்கும்?

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "பழுப்பாகப் படிந்திருக்கிறதே, அதைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். பெர்மாங்கனேட் தன் வேலையை முடித்தபின் மாங்கனீஸ் டைஆக்ஸைடாகப் பழுப்பு நிறத்தில் படியும். அதுவும் பச்சைக் குரோமியத்தை மெல்ல மெல்ல மஞ்சளாக்க வல்லது. இயற்கை மண்ணில் இவ்வேலையைப் பெரும்பாலும் செய்வதே மாங்கனீஸ் ஆக்ஸைடுகள்தாம். எனவே மருந்தை நிறுத்தினாலும் தொல்லை நிற்காது. இவையெல்லாம் நூல்களில் உள்ளவை; நான் படிக்காமலும் இல்லை. ஆனால் உலோகத்தைப் பற்றிய அத்தியாயத்தையும் எண்ணெயைப் பற்றிய அத்தியாயத்தையும் தனித்தனியாகப் படித்தேன். மண்ணில் அவை தனித்தனியாக இருப்பதில்லை. தோல் தொழில் நடக்கும் இடங்களில் எண்ணெயும் குரோமியமும் ஒரே வாய்க்காலில் வந்து ஒரே குழியில் தங்குகின்றன. ஆகவே பாலாற்றங்கரையிலோ கான்பூரிலோ யாரேனும் ஆக்ஸிகரண மருந்தோடு வந்தால், முதலில் குரோமியக் கணக்கைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'மஞ்சள் குரோமியம் இல்லை' என்ற சோதனைச் சீட்டு போதாது; மொத்தக் குரோமியம் எவ்வளவு என்பதே கேள்வி.

அப்படியானால் இத்தகைய மண்ணுக்கு வழி யாது? திசையை மாற்ற வேண்டும். குரோமியம் உள்ள இடத்தில் வேண்டுவது ஆக்ஸிகரணம் அன்று, ஒடுக்கம். முன்பு சொன்ன கரும்புப் பாகு இங்கே உதவிக்கு வருகிறது. அதை மண்ணுக்குள் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி மஞ்சளைப் பச்சையாக்க உதவும். மின்சார வழியில் இன்னும் எளிய உபாயம் ஒன்று உண்டு. கிராஃபைட்டுக்குப் பதில் சாதாரண இரும்புக் கம்பியை நேர்மின்வாயாக வைப்பது. இரும்பு தானே கரைந்து நேர்மின்னேற்ற அயனியாக எதிர்மின்வாய் நோக்கிப் புறப்படும். மஞ்சள் குரோமேட் எதிர்த்திசையில் வரும். இரண்டும் நடுவழியில் சந்திக்கும்போது மஞ்சள் பச்சையாகி அங்கேயே படிந்துவிடும். எண்ணெயை அவசரமாக எரிக்காமல், காற்றும் சிறிது நைட்ரேட்டும் கொடுத்து நுண்ணுயிர்களிடம் ஒப்படைக்கலாம். மாதங்கள் ஆகும்; ஆகட்டும். குரோமியம் மண்ணை விட்டு வெளியேறவில்லையே என்று கேட்டால், உண்மைதான்; அது பச்சையாக, அசையாமல் அங்கேயே இருக்கும். பழுப்பு மாங்கனீஸ் இல்லாத மண்ணா என்று பார்த்துத்தான் அந்த நிலையை நம்பலாம்.

வேறு தொல்லைகளும் உள. நேர்மின்வாயருகே மண் காய்ந்து வெடித்தால் மின்னோட்டம் விழுந்துவிடும். தோல் ஊறப்போட்ட உப்பு மிகுந்த நிலமாயின் அங்கே குளோரின் வாயு கிளம்பும். மின்சாரமும் வீணாகச் செலவாகும். பூமிக்குள் பழைய இரும்புக் குழாய் கிடந்தால் மின்சாரம் மண்ணை விட்டுவிட்டுக் குழாய் வழியே போய்விடும். எங்கள் பக்கத்து நிலங்களில் உப்புக்குப் பஞ்சமே இல்லையாகையால், இந்தக் குளோரின் விஷயத்தை நான் இன்னும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரும்புக் கம்பி வைத்த பெட்டி இப்போது நாற்பத்தோராம் நாளில் இருக்கிறது. கெட்டுப்போன அந்தப் பழைய மண்ணையே, மஞ்சளாகிய நிலையிலேயே, அதில் நிரப்பினேன். நான் கெடுத்ததை நானே திருத்தவேண்டும் என்பது பேராசிரியர் கட்டளை. கம்பிகள் இரண்டு முறை அரித்துப்போய் மாற்றியாகிவிட்டது. நேர்மின்வாய்த் தொட்டியில் முதல் இரு வாரங்கள் செவ்வூதா தோன்றியது, பிறகு மங்கியது, சென்ற வெள்ளிக்கிழமை தோன்றவில்லை. மண்ணை இன்னும் வெட்டிப் பார்க்கவில்லை. நடுவில் படிந்திருப்பது எவ்வளவு பச்சை, எவ்வளவு மஞ்சள் என்பது வெட்டினால்தான் தெரியும். நம் வரலாற்று நண்பர் அன்றைக்கு உடன் இருக்க வேண்டுமென்று கேட்டிருக்கிறார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.